குனியாத தொழுகை

"வரிசையை நேராக்கிக்கங்க, தோளோட தோள் சேரட்டும்" என்று ஹஜ்ரத் சொன்னார். பள்ளிவாசல் முற்றத்தில் கலைந்து நின்ற ஆட்கள் செருப்பைக் காலாலேயே ஓரமாகத் தள்ளிவிட்டு முன்னும் பின்னும் நகர்ந்தார்கள். சாயங்கால அஸர் தொழுகை முடிந்தும் தரை இன்னும் சுட்டது. உதுமான் முதல் வரிசையில், ஹஜ்ரத்துக்கு நேர் பின்னால் நின்றான். மச்சினன் ஜலீல்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அங்கே நிறுத்தியிருந்தான், இல்லாவிட்டால் அவன் செருப்புக் குவியல் பக்கமே நின்றிருப்பான். ஹஜ்ரத்தின் தோளைத் தாண்டிப் பார்த்தால் சந்தூக்கு தெரிந்தது. இறந்துபோன பெரிய ஆட்களைத் தூக்கிப்போகிற சந்தூக்கு. மூன்றாங்கிளாஸ் படிக்கிற பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிசு! பச்சைப் போர்வைக்கடியில் தலைமாட்டில் கொஞ்சம் மேடு, அப்புறம் கால்மாடு வரைக்கும் ஒன்றுமே இல்லாத மாதிரி துணி படிந்து கிடந்தது. வீட்டுக் கட்டிலிலும் மகள் ருமானா இப்படித்தான் ஒரு மூலையில் சுருண்டு படுப்பாள், இவ்வளவு இடம் கிடக்கே நல்லா காலை நீட்டிப் படு தாயின்னு சொன்னால் எனக்கு இது போதும்த்தா என்பாள். ஹஜ்ரத் திரும்பி நின்று, இந்தத் தொழுகை அடிக்கடி தொழாதவர்களுக்காக எப்போதும் சொல்வதைச் சொன்னார். "பெண் குழந்தை மய்யித்து. இதுல குனியுற ருகூவும் கிடையாது, நெத்தியைத் தரையில வைக்கிற சுஜூதும் கிடையாது, யாரும் பழக்கத்துல குனிஞ்சிராதீங்க. நின்னமேனிக்கு நாலு தக்பீர். மூணாவது தக்பீருக்குப் பின்னால பெரியவங்களுக்குக் கேக்குற மாதிரி பாவமன்னிப்பு கேக்கக் கூடாது. பிள்ளைக்கு ஏது பாவம். அதுக்குன்னு தனி துஆ இருக்கு. யா அல்லாஹ், இந்தப் பிள்ளையை எங்களுக்கு முன்னால போறவளா ஆக்கி வையின்னு அர்த்தம். அந்தக் காலத்துல பாலைவனத்துல கூட்டமாப் போறப்ப ஒருத்தர் முன்கூட்டியே போய், தண்ணி இருக்குற இடத்தைப் பார்த்து, இறைச்சு வச்சிட்டு, பின்னால வர்றவங்களுக்காகக் காத்திருப்பாராம். அந்த மாதிரி." உதுமானுக்குத் தண்ணி என்ற சொல் மட்டும் காதில் விழுந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

ஹஜ்ரத் கிப்லாப் பக்கம் திரும்பி அல்லாஹு அக்பர் என்று முதல் தக்பீர் சொன்னார். எல்லாரும் காதுவரைக்கும் கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டார்கள். உதுமானின் கையும் தானாகத் தூக்கிக் கட்டிக்கொண்டது, பார், இந்தக் கைக்கு ரோஷமே கிடையாது, காலையில் சுபுஹு பாங்கு சொல்கிற நேரத்தில் பிள்ளை மூச்சு அடங்கினபோது, இனி உனக்கு நான் குனியமாட்டேன் என்று இவன் சொன்னது இந்தக் கைக்கும் கேட்டிருக்குமே. சத்தம் போட்டுச் சொல்லவில்லை, மனசுக்குள்தான் சொன்னான், ஆனால் யாரிடம் சொன்னானோ அவனுக்குச் சத்தம் எதுக்கு. இனிக் குனிய மாட்டேன், நெத்தியைத் தரையில் வைக்க மாட்டேன், இத்தனை வருசம் வச்சது போதும். அதற்கப்புறம் வீட்டில் மத்தியான லுஹரும் தொழவில்லை, இப்போது பள்ளிக்குள்ளே எல்லாரும் அஸர் தொழுதபோது கைகால் கழுவுகிற ஹவுள் படிக்கட்டில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், துக்கத்தில் இருக்கிற மனுசன் என்று யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஹஜ்ரத் மட்டும் வெளியே வந்து தோளைத் தொட்டு, "பிள்ளைக்கு வலி, அதாவது பொறுப்பாளி, நீங்கதான், தொழவைக்கிற ஹக்கு உங்களுக்குத்தான். நீங்க தொழவைக்கிறீங்களா, இல்ல எனக்கு உத்தரவு குடுக்குறீங்களா?" என்று கேட்டார். இவன் தலையை ஆட்டினான். எதற்கு ஆட்டினான் என்று அவனுக்கே விளங்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் நல்லாப் பட்டது, இந்தத் தொழுகைக்கு நிற்கலாம், இதில் குனிகிற வேலை இல்லை. நின்னமேனிக்கு நிற்கலாம். மேலே இருக்கிறவனே அப்படி ஏற்பாடு பண்ணி வைத்திருக்கிறான் போல, பிள்ளையைப் பறிகொடுத்தவன் எப்படியும் குனிய மாட்டான் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்து, சரி இந்த ஒரு தொழுகைக்கு மட்டும் நீ குனிய வேண்டாம் போ என்று விட்டுவிட்டான் போல. கெட்டிக்காரன். அஸ்தஃபிருல்லாஹ், என்ன பேச்சு இது, வாய் நாறிப்போகும். போகட்டும், நாறட்டும். வெயில் பிடரியில் உறைத்தது. பக்கத்தில் ஜலீல் மூக்கை உறிஞ்சினான். உதுமான் பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன், கம்பம் பள்ளத்தாக்கில் பாதித் தோட்டத்து மோட்டார் அவன் கைக்கு வந்து போனதுதான். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்தால் காரணம் உள்ளேயே இருக்கும், தண்ணியில்லாமல் ஓடியிருக்கும், கரண்ட் குறைந்து வந்திருக்கும், பேரிங் பிடித்திருக்கும், கருகின வாடையை வைத்தே சொல்லிவிடலாம். எதனால சார் இப்படி என்று மதுரை டாக்டரிடம் கேட்டபோது அந்த மனுசன் பாவம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, சில பிள்ளைகளுக்கு கிட்னி இப்படி ஆயிரும், காரணம்னு ஒண்ணைச் சொல்ல முடியாதுங்க என்றார். காரணம் இல்லாமல் எது எரியும்.

இரண்டாவது தக்பீர். நபிமேல் ஸலவாத்து ஓதவேண்டிய இடம். அந்த நபியும் தம் கைப்பிள்ளையைக் கபுறுக் குழிக்குக் கொடுத்து அழுதவர்கள்தான், கண் அழுகிறது, மனசு நோகிறது, ஆனாலும் படைத்த ரப்புக்குப் பிடிக்காததை நாங்கள் சொல்லமாட்டோம் என்றார்களாம், போன மாசம் பார்க்க வந்தபோது ஹஜ்ரத் சொன்னார். நல்ல மனுசன் ஹஜ்ரத், வரும்போதெல்லாம் பிள்ளைக்கு மாதுளம்பழம் வாங்கி வருவார், அதுவும் திங்கக் கூடாது என்று தெரியாமல். ருமானா என்றாலே மாதுளைதானே என்று சிரிப்பார். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை சொன்னார்கள். நேசிக்கிறவனைத்தான் அல்லாஹ் சோதிப்பான் என்றார்கள். அப்படியானால் கொஞ்சம் குறைவாக நேசிக்கச் சொல்லுங்கள் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது, டீயைக் குடித்து உள்ளே தள்ளினான். ஒரு முள் குத்தினால்கூட அதுக்குப் பதிலா ஒரு பாவம் உதிரும் என்றார்கள். இப்போது ஹஜ்ரத்தே சொல்கிறார், பிள்ளைக்கு ஏது பாவம் என்று. அப்படியானால் அவள் கையில் குத்தின ஊசிக்கெல்லாம் எது உதிர்ந்தது? ஊசி குத்த இடமில்லாமல் புறங்கையெல்லாம் கன்றிப்போய், கடைசியில் கழுத்துக்குப் பக்கத்தில் குழாய் போட்டார்களே, அது யார் கணக்கில்? என் பாவத்தையா அவள் உடம்பில் கழித்தாய்? இந்த இடத்துக்கு வந்து நின்று ராத்திரியெல்லாம் தன் பாவங்களைத் தேடித் தேடிப் பார்த்திருக்கிறான், பழைய காயிலைப் புதுசு என்று சொல்லிக் கட்டினது, அண்ணன் மௌத்துக்குப் போகாமல் வீம்பு பிடித்தது, சில்லறைப் பாவம்தான் எல்லாம், ஒரு பிள்ளையைக் கொடுக்கிற அளவுக்கு ஒன்றும் அகப்படவில்லை. பாவம் என்றால், அதோ வரிசையின் கடைசியில் நிற்கிறானே கவுஸ், கட்டின பெண்டாட்டியை அடித்துக் காது கேட்காமல் ஆக்கித் தாய்வீட்டுக்குத் துரத்தினவன், வெள்ளைவெளேர் என்று தொப்பி, நெஞ்சில் கை கட்டி எவ்வளவு பவ்வியமாக நிற்கிறான், அவனுக்கு மூன்று பையன்கள், காளைக்கன்று மாதிரி, ஒரு சளி காய்ச்சல் கிடையாது. உதுமான், அவனுக்கெல்லாம் அல்லாஹ் அவகாசம் கொடுத்து வச்சிருக்கான், கடைசியில் பிடிப்பான் என்று ஹஜ்ரத் சொன்னார். அவனுக்கு அவகாசம், என் பிள்ளைக்கு மட்டும் என்ன அவசரம்? இன்னொரு நாள் ஒரு கதை சொன்னார், ஒரு நபி ஒரு பெரியவரோடு நடந்து போகிறார், அந்தப் பெரியவர் வழியில் ஏழைகளின் படகை ஓட்டை போடுகிறார், ஒரு சின்னப் பையனைக் கொன்றுபோடுகிறார், நபிக்குப் பொறுக்கவில்லை, ஏன் ஏன் என்று கேட்கிறார், கடைசியில் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வெளிவருகிறது, அத்தனையும் நன்மைக்குத்தானாம். ஹஜ்ரத் கதையைச் சொல்லிவிட்டு இவன் முகத்தைப் பார்த்தார். "நபிக்குக் கடைசியில காரணத்தைச் சொன்னாங்கள்ல ஹஜ்ரத்" என்றான் உதுமான். "எனக்கும் சொல்லச் சொல்லுங்க. நான் நடுவுல கேள்வி கேக்கல, கடைசிவரைக்கும் பொறுத்துக்கறேன்." ஹஜ்ரத், "தாய் பிள்ளைக்குக் கசப்பு மருந்து குடுக்குறா, பிள்ளைக்குத் தெரியுமா அது எதுக்குன்னு? தாய்க்குத் தெரியும்ல. அப்படித்தான் உதுமான். ரத்தம் சிந்துற மனுசனையா படைக்கப் போறேன்னு வானத்து மலக்குமாரே கேட்டாங்க. உங்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்னுதான் அவன் சொன்னான்" என்றார். அன்றைக்கு அது உதுமானுக்குப் பிடித்திருந்தது. ஏனென்றால் அன்றைக்கு அவனும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான், மகளிடம்.

அத்தாவுக்குத் தெரியும் கண்ணு, உனக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பான். தண்ணி கூடக் குடிக்கக் கூடாது, அளந்துதான் கொடுக்கணும், கூடினால் நுரையீரலில் போய் நின்றுகொள்ளும் என்று மதுரையில் சொன்ன நாளிலிருந்து, வீட்டில் தண்ணி அவன் பொறுப்பு. அவன் பெண்டாட்டி ஜைத்தூனுக்குப் பெற்ற மனசு, இளகிவிடுவாள். அதனால் பட்டறையிலிருந்து அரத்தைக் கொண்டுவந்து ஒரு சின்ன சில்வர் டம்ளரில் உள்பக்கமாக ஒரு கோடு போட்டான், காலையில் கோடு வரைக்கும், சாயங்காலம் கோடு வரைக்கும், அவ்வளவுதான். குடம், சொம்பு எல்லாம் அடுப்படிக்குள் போய்விட்டது, கதவுக்குத் தாழ்ப்பாள். முல்லையாறு ஊரைச் சுற்றி ஓடுகிறது, வாய்க்காலெல்லாம் தண்ணி, ஊரான் தோட்டத்துக்கெல்லாம் தண்ணி ஏற்றிக் கொடுக்கிறவன் வீட்டில் ஒரு பிள்ளை டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் குடித்தால் தீர்ந்துவிடும் என்று நாக்கு நுனியால் நக்கி நக்கிக் குடிக்கும். ஏன்த்தா தரமாட்டேங்குற? அத்தாவுக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. கோபித்துக்கொள்ளாது, அதுதான் இவனைக் கொல்லும், சரித்தா என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். அதுவரைக்கும் சரி. அதுவரைக்கும் இவன் செய்தது நியாயம், காரணம் இருந்தது. போன வாரம் டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, இனி இங்கே வச்சிருந்து பிரயோசனம் இல்லைங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி ஆசைப்பட்டதைக் குடுங்க என்றார். தண்ணியுமா சார் என்று கேட்டான். எல்லாமும் என்றார். இந்த ஒரு பேச்சை உதுமான் யாரிடமும் சொல்லவில்லை. ஜைத்தூனிடம் சொல்லவில்லை, ஜலீலிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போதே அதைக் காதிலிருந்து தட்டிவிட்டான். ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எந்தத் தகப்பனுக்குத் தெரியாது, கொடுத்தால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், கோடு இருக்கிறவரைக்கும் பிள்ளை இருப்பாள், கோட்டைத் தாண்டி ஒரு சொட்டு ஊற்றினால் அத்தோடு போய்விடுவாள் என்று அவன் புத்தி ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்தும் அதே டம்ளர், அதே கோடு. நேற்று சாயங்காலம் அவள் கேட்டாள், உதடெல்லாம் வெடித்து வெள்ளை பூத்திருந்தது, "அத்தா, வாய மட்டும் நனைச்சுக்கிறேன்த்தா. முழுங்க மாட்டேன், துப்பிருவேன்." அப்புறம்டா என்றான். அத்தாவுக்குத் தெரியும் என்றான். என்ன தெரியும் உனக்கு? என்ன மயிரு தெரியும்? காரணமே இல்லாமல் தண்ணி கொடுக்காத தகப்பன், பயத்தைத் தவிர வேற காரணமே இல்லாதவன், பெரிய காரணம் இருக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றானே. பிள்ளை அதையும் நம்பினாளே. சரித்தா என்றாளே. அப்படியானால் நீயும் இப்படித்தானா? உங்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று நீ சொன்னதும் நான் சொன்னது மாதிரிதானா? மேலே போய்ப் பார்த்தால் அங்கேயும் வெறும் டம்ளரும் கோடும்தானா? இல்லை, இல்லை, நீ என்னை மாதிரி இருக்கக் கூடாது, நீ கெட்டவனாகக்கூட இருந்துவிட்டுப் போ, என்னை மாதிரி ஒன்றும் தெரியாதவனாக மட்டும் இருந்துவிடாதே.

மூன்றாவது தக்பீர். வரிசை முழுக்க உதடுகள் முணுமுணுத்தன, பிள்ளைக்கான துஆ. ஜலீலுக்கு மனப்பாடம் இல்லை போல, ஹஜ்ரத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டு ஆமீன் மட்டும் சொன்னான். முன்னால் போறவளா ஆக்கி வை. தண்ணி இருக்குற இடத்துக்கு முன்னால் போறவளா. உதுமானுக்கு இப்போதுதான் அந்தப் பேச்சு முழுசாக உள்ளே இறங்கிற்று. யாரை அனுப்புகிறார்கள் தண்ணிக்கு? காலையில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது ஜைத்தூனின் அக்கா, ஹஜ்ஜுக்குப் போய்வந்தபோது கொண்டுவந்து பீரோவில் பொத்தி வைத்திருந்த ஜம்ஜம் தண்ணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள், நம்ம ஆட்களுக்கு ரூஹு பிரிகிற நேரத்தில் வாயில் அதை ஊற்றுவதுதானே வழக்கம், எப்பேர்ப்பட்ட பாவிக்கும் அது உண்டு. பஞ்சை நனைத்து உதட்டருகே கொண்டுபோன கையை இவன் தடுத்தான். டாக்டர் வேணாம்னுட்டார் என்றான். பச்சைப் பொய். ஜம்ஜம் கொடுத்தால் மௌத்தாகிறாள் என்று அர்த்தம், அவள் மௌத்தாகவில்லை, யாரும் இங்கே மௌத்தாகவில்லை என்று அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான், பஞ்சிலிருந்து தண்ணி சொட்டி அவன் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது, பிள்ளையின் கண் அந்தச் சொட்டையே பார்த்தது, பார்த்தபடியே நின்றுவிட்டது. அப்புறம் பத்து மணி வாக்கில் கொல்லையில் வேட்டியைச் சுற்றிக் கட்டி மறைத்து, பெண்கள் குளிப்பாட்டினார்கள். தண்ணி பத்தலை, மோட்டாரைப் போடுங்க என்று உள்ளிருந்து குரல் வந்தது. போட்டான். அவனே காயில் கட்டின மோட்டார், ஒரு தடவை மக்கர் பண்ணாமல் கரகரவென்று இறைத்தது, டிரம் டிரம்மாக நிறைந்தது. மறைப்புக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான், சொம்பு சொம்பாக ஊற்றுகிற சத்தம், தலையில், தோளில், வாயைத் துடைத்து மறுபடியும், வலது பக்கம், இடது பக்கம், இலந்தையிலைத் தண்ணி, கற்பூரத் தண்ணி, தண்ணி வழிந்து மறைப்புக்கு வெளியே வந்து அவன் காலை நனைத்துக்கொண்டு வாழைமரத்துக்குப் போயிற்று. யாரும் அளக்கவில்லை. கோடு கிடையாது. சந்தூக்கைத் தூக்குகிற நேரத்தில் ஜைத்தூன் அழக்கூட இல்லை, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, இவன் முகத்தைப் பார்க்காமல், "ஒரு மடக்கு குடுத்திருந்தா என்னங்க ஆயிருக்கும்?" என்றாள். அவளுக்கு டாக்டர் சொன்னது தெரியாது. தெரியாமலே சரியான இடத்தில் கையை வைத்துவிட்டாள். ஒன்றும் ஆகியிருக்காது ஜைத்தூன். பிள்ளை தண்ணி குடித்திருப்பாள், அவ்வளவுதான் ஆகியிருக்கும். அவளைத்தான் இப்போது முன்னால் அனுப்புகிறார்கள், எங்களுக்குத் தண்ணி பார்த்து வை என்று. போவாள். சரித்தா என்று சொல்லிவிட்டுப் போவாள், இறைத்து வைத்துவிட்டு நிற்பாள், தான் குடிக்கலாமா என்றுகூட யாரையும் கேட்கமாட்டாள், இவன் போய்ச் சேருகிறவரைக்கும் உதடு வெடித்துப்போய் அப்படியே நின்றுகொண்டிருப்பாள், வந்ததும் இந்தாத்தா என்று நீட்டுவாள். அதை இவன் எந்தக் கையால் வாங்குவான்?

கட்டியிருந்த கை அவிழ்ந்து முழங்காலுக்குப் போய்விட்டது. அத்தனை பேரும் நட்ட கம்பு மாதிரி நிமிர்ந்து நிற்கிற வரிசையில் உதுமான் ஒருத்தன் மட்டும் குனிந்து நின்றான். பின்வரிசையில் யாரோ கனைத்தார்கள். குனிந்த தலைக்கு ஹஜ்ரத்தின் குதிகால் வெடிப்பும், அதைத் தாண்டி சந்தூக்கின் மரக்காலும் மட்டும் தெரிந்தன. குனிய மாட்டேன் என்று சொன்னவனை, குனிய வேண்டாம் என்று சொன்ன இடத்தில் குனிய வைத்துவிட்டாயே என்று நினைத்தான். யாருக்குக் குனிந்தான்? மேலே இருக்கிறவனுக்கா, பச்சைப் போர்வைக்குள் இருக்கிறவளுக்கா, இல்லை இடுப்பு ஒடிந்துதான் போயிற்றா, அவனுக்கே விளங்கவில்லை. நிமிரவும் முடியவில்லை. ஜலீலின் கை அவன் முழங்கையைப் பிடித்து மெதுவாக மேலே தூக்கிற்று. அதற்குள் நான்காவது தக்பீரும் சொல்லியாகிவிட்டது.

ஹஜ்ரத் வலது பக்கம் ஸலாம் சொன்னார், இடது பக்கம் ஸலாம் சொன்னார். வரிசை கலைந்தது. ஆளாளுக்குச் செருப்பைத் தேடினார்கள். கவுஸ் வந்து உதுமானின் கையைப் பிடித்து, சபூர் பண்ணுங்க பாய், பொறுத்துக்கங்க என்று சொல்லிவிட்டுப் போனான், கை மெத்தென்று இருந்தது.

ஜலீல் குரலைத் தாழ்த்தி, "மச்சான், இதுல ருகூ இல்ல" என்றான்.

"தெரியும்."

"பரவாயில்ல. ஹஜ்ரத் பார்க்கல."

சந்தூக்கைத் தூக்க ஆட்கள் கூடினார்கள். முன்பக்கக் காலை உதுமானுக்கு விட்டார்கள். தோளைக் கொடுக்கக் குனிந்தவன் அப்படியே நின்று மச்சினனைப் பார்த்தான்.

"மாப்ள, கபுறு மேல தெளிக்கத் தண்ணி எடுத்தாச்சா?"

"பள்ளி மோதினார் முன்னாலயே ஒரு குடம் கொண்டு போயிட்டாரு மச்சான்."

"ஒண்ணு பத்தாது."

"தெளிக்கத்தானே, அதுவே மிச்சமாகும்."

"பத்தாது மாப்ள" என்றான் உதுமான். "கொல்லையில டிரம்மு நிறைய நிறைச்சு வச்சிருக்கேன். எல்லாத்தையும் கொண்டாரச் சொல்லு."